தெரிந்தும் சொல்லாத கைகள்

முகத்துவாரத்துக்குத் தெற்கே, துறைமுகத்தின் உட்புறத்தில் இருக்கிறது கொழும்பு டொக்யார்ட். அதன் முகவரி கொழும்பு 15 என்பதால் எங்கள் பகுதிச் சனம் அதைத் தங்கள் ஊர்க் கம்பனியாகவே நினைப்பதுண்டு. 1974இல் தொடங்கிய அந்த நிறுவனத்தில் நான்கு உலர்துறைகள் உள்ளன. அவற்றில் பெரியதில் 1,25,000 தொன் வரையான கப்பலை ஏற்றலாம். கடலடித் தொலைத்தொடர்புக் கேபிள்களைப் பதிக்கவும் திருத்தவும் போகும் இரண்டு கப்பல்களும் இங்கே கட்டப்பட்டவை: 2019இல் ஜப்பானியருக்குக் கையளிக்கப்பட்ட ‘கேடிடிஐ கேபிள் இன்பினிட்டி’, 2023இல் பிரெஞ்சு நிறுவனம் ஒன்றுக்குப் போன ‘சோபி ஜேர்மைன்’.

கப்பல் திருத்தும் வேலையில் முன்கூட்டியே எழுதி வைக்கக்கூடியது கொஞ்சம்தான். கப்பல் உள்ளே வந்து, கதவு அடைத்து, தண்ணீரை இறைத்து, அடிப்பாகம் கட்டைகளில் உட்கார்ந்த பிறகே தகடு எங்கே எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று தெரியும். இருபது வருடம் ஓடிய கப்பலில் வரைபடம் காட்டும் இடத்தில் குழாய் இருக்காது. வேறெங்கோ ஒரு துறைமுகத்தில் யாரோ அதைத் திருப்பிவிட்டிருப்பார்கள். உடல் நுழையாத இடுக்கில் வெல்டிங் பிடிக்க வேண்டிவரும். உலர்துறையில் நிற்கும் ஒவ்வொரு நாளும் கப்பல் சொந்தக்காரருக்கு நட்டம், ஆகையால் பொறியியலாளர் வந்து சொல்லும்வரை காத்திருக்கவும் முடியாது. பிற்றர் தன் புத்தியில் ஒரு வழி காண்கிறார். இரும்புத் துண்டொன்றை வளைத்து, தனக்கு வேண்டிய பிடிகருவியைத் தானே செய்துகொள்கிறார். அலுத்மாவத்தையை ஒட்டிய ஒழுங்கைகளில் உள்ள லேத் பட்டறைகளிலும் மீன்பிடித் துறைமுகத்து எஞ்சின் வேலைகளிலும் நடப்பது இதே கதைதான்.

ஊழியரின் ஆக்கத்திறனை வளர்ப்பது பற்றிக் கொழும்பு ஹோட்டல்களில் கருத்தரங்குகள் நடக்கின்றன. பேசுகிறவர்களில் பெரும்பாலானோர், தொழிலாளியிடம் அது இல்லை, நாம்தான் ஊட்ட வேண்டும் என்ற எண்ணத்திலிருந்து தொடங்குகிறார்கள். கடந்த நூறு வருட ஆய்வுகளையும் எங்கள் நகரத்தின் தொழிலாளர் வரலாற்றையும் சேர்த்து வாசித்தால் வேறொன்று தெரிகிறது. யோசனை ஏற்கெனவே இருக்கிறது. வாய் திறந்தால் தனக்கு நட்டம் வரும் என்று கண்டறிந்ததால் தொழிலாளி அதைப் பொத்தி வைக்கிறார். கூலி குறையலாம், வேலை போகலாம், பெயர் இன்னொருவருக்குப் போகலாம். இந்த மூன்று பயங்களையும் தீர்க்காத எந்தத் திட்டமும் சுவரில் தொங்கும் வெறும் ஆலோசனைப் பெட்டியாகத்தான் முடியும்.

கூலியிலிருந்து தொடங்குவோம். சிகாகோவில் வெஸ்டேர்ன் இலெக்ட்ரிக் நிறுவனத்தின் ஹோதோர்ன் ஆலையில், 1931-32இல் 14 ஆண்களைத் தனி அறையொன்றில் வேலை செய்யவிட்டு ஆய்வாளர்கள் அவதானித்தார்கள். தொலைபேசி இணைப்பகங்களுக்கான கம்பிகளை இணைப்பதும் ஈயம் வைப்பதும் அவர்களுடைய வேலை. கூடச் செய்தால் கூடச் சம்பளம் என்ற ஏற்பாடு இருந்தது. ஆயினும் ஒரு நாளைக்கு இவ்வளவு போதும் என்று அவர்களே ஓர் அளவை வகுத்து, அதற்கு மேல் போகாமல் பார்த்துக்கொண்டார்கள். வேகம் காட்டியவனின் மேற்கையில் சகதொழிலாளி ஒரு குத்து விடுவான். குத்து வாங்கியவன் கோபிப்பதில்லை, வேகத்தைக் குறைப்பான். ஏன் என்று கேட்டபோது கிடைத்த விளக்கம் எளிமையானது: இன்னும் கூடச் செய்ய முடியும் என்று தெரிந்தால் துண்டுக்கூலியை வெட்டிவிடுவார்கள். சோம்பல் என்று முதலாளி பார்ப்பதைத் தொழிலாளர் தற்காப்பாகப் பார்த்தார்கள். வேகமாகச் செய்யும் வழி அவர்களுக்குத் தெரியாமலில்லை என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

அதே காலத்தில் வெள்ளவத்தையில் என்ன நடந்தது என்று பார்க்க வேண்டும். இன்று ஹவ்லொக் சிட்டி மாடிகள் நிற்கும் காணியில் அன்று வெள்ளவத்தை நூற்பு நெசவு ஆலை இருந்தது. இலங்கையின் மிகப் பெரிய துணி ஆலை அது. தொழிலாளரில் பெரும்பகுதியினர் இந்தியாவிலிருந்து வந்தவர்கள், குறிப்பாக மலையாளிகள். உலகப் பொருளாதார மந்தத்தைக் காரணம் காட்டிச் சம்பளத்தைக் குறைத்தபோது 1933 பெப்ரவரியில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். 1920களில் துறைமுக வேலைநிறுத்தங்களை நடத்தி நகரத்தின் தொழிலாளர் தலைவராக உயர்ந்திருந்த ஏ. ஈ. குணசிங்க, இம்முறை மலையாளிகளுக்கு எதிரான இனவாதப் பேச்சோடு எதிர்ப்பக்கம் நின்றார். கொல்வின் ஆர். டி சில்வா உள்ளிட்ட இளம் இடதுசாரிகள் தொழிலாளரின் பக்கம் வந்தார்கள். இரண்டு வருடங்களில், 1935இல், அவர்களே லங்கா சமசமாஜக் கட்சியைத் தொடங்கினார்கள். இந்த வேலைநிறுத்தத்தை அரசியல் வரலாற்றின் ஓர் அத்தியாயமாகத்தான் வழக்கமாக வாசிக்கிறோம். தறி ஓட்டியவரின் இடத்திலிருந்தும் ஒருமுறை வாசிக்கலாம். நூல் அறுவதைக் குறைக்கும் ஓர் உபாயம் அவருக்குத் தெரிந்திருந்தால், சம்பளத்தை வெட்டிய மேலாளரிடம் அதைச் சொல்ல எந்த நியாயமும் அவருக்கு இருந்திருக்காது.

தொண்ணூறு வருடம் கழிந்தும் தையல் ஆலைகளில் இது மாறிவிடவில்லை. நிறுத்தற்கடிகாரத்தோடு ஆள் வந்து பக்கத்தில் நின்றால் மெஷின் ஓட்டும் பெண்ணின் கை தானாகவே மெதுவாகிவிடும். இன்றைக்குச் சுருக்காகச் செய்து காட்டினால் நாளைக்கு மணித்தியால ‘டார்கெட்’ ஏறும் என்று அவளுக்குத் தெரியும். தொழில் தெரிந்த எவருக்கும் இது புதினமல்ல. ஆனாலும் அதே ஆலையின் வாசலில் யோசனைப் பெட்டி தொங்குகிறது.

யோசனைப் பெட்டியின் வரலாறு ஒரு கப்பல்கட்டும் தளத்தில் தொடங்குவது முகத்துவாரத்துக்காரருக்குப் பிடிக்கும். ஸ்கொட்லாந்தில் டம்பார்ட்டன் நகரத்தில் இருந்த வில்லியம் டெனி அன் பிரதர்ஸ் நிறுவனம், தொழிலாளரின் கண்டுபிடிப்புகளுக்கும் மேம்பாடுகளுக்கும் காசு கொடுக்கும் திட்டத்தை 1880இல் தொடங்கியது. தொழிற்துறையில் முறையாக நடந்த முதல் யோசனைத் திட்டமாகப் பலரும் இதைத்தான் குறிப்பிடுகிறார்கள். ‘கட்டி சார்க்’ கப்பலைக் கட்டத் தொடங்கிய கம்பனி நொடித்துப்போனபோது வேலையைப் பொறுப்பேற்று முடித்தவர்களும் இவர்கள்தான். உலகில் வணிகக் கப்பல்கட்டும் நிறுவனமொன்று தனக்கெனக் கப்பல் மாதிரிகளைச் சோதிக்கும் தண்ணீர்த் தொட்டியை முதன்முதல் அமைத்ததும் இங்கேயே, 1883இல். யோசனைத் திட்டமும் சோதனைத் தொட்டியும் ஒரே தளத்தில், மூன்று வருட இடைவெளியில் வந்தது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. மேலே இருப்பவர்கள் தாங்களே பரிசோதனை செய்து பார்க்கும் பழக்கம் உள்ளவர்களாக இருந்தால், கீழே இருப்பவர் ஒன்றைப் பரிசோதித்துக் காட்டும்போது கேட்கும் பொறுமையும் அவர்களிடம் இருக்கும்.

டொயோட்டா இந்தப் பழக்கத்தை அமெரிக்காவில் போர்ட் நிறுவனத்திடமிருந்து எடுத்து 1951இல் தன் ஆலைகளில் தொடங்கியது. 1962இல் ஜப்பானில் தர வட்டங்கள் பிறந்தன. ஒரே இடத்தில் வேலை செய்யும் சிலர் கூடி, தங்கள் வேலையிலுள்ள குறைகளைத் தாங்களே ஆராய்ந்து திருத்துவதுதான் தர வட்டம். 1993இல் கொழும்பு டொக்யார்டின் 51 வீதப் பங்கை ஜப்பானின் ஒனோமிச்சி டொக்யார்ட் வாங்கியபோது, இந்தக் கலாசாரத்தில் ஊறிய ஒரு நாட்டின் நிறுவனம்தான் எங்கள் துறைமுகத்துக்குள் வந்தது.

ஆனால் ஜப்பானியர் இயல்பிலேயே அப்படிப்பட்டவர்கள், நம்மால் முடியாது என்று சொல்கிறவர்களுக்குக் கலிபோர்னியாவில் ஒரு பதில் இருக்கிறது. பிரீமொன்ட் நகரத்தில் ஜெனரல் மோட்டர்ஸ் நடத்திய ஆலை, வேலைக்கு வராமை, குடி, ஓயாத தகராறு எல்லாவற்றுக்கும் பேர்போனது. 1982இல் அதை மூடினார்கள். 1984இல் டொயோட்டாவும் ஜெனரல் மோட்டர்ஸும் கூட்டாக ‘நம்மி’ என்ற பெயரில் அதைத் திறந்தபோது, வேலைக்கு எடுக்கப்பட்டவர்களில் பெரும்பாலானோர் பழைய ஆட்கள்தான். தொழிற்சங்கமும் அதே சங்கம். மாறியவை இரண்டு. நிறுவனத்தின் இருப்பே ஆபத்துக்கு உள்ளானாலன்றி ஆட்குறைப்பு இல்லை என்றும், அப்படி வந்தாலும் முதலில் முகாமையாளரின் சம்பளம் குறையும், வெளியே கொடுத்த வேலைகள் உள்ளே வரும் என்றும் தொழிற்சங்க ஒப்பந்தத்தில் எழுதிக் கையொப்பமிட்டார்கள். நிறுத்தற்கடிகாரம் தொழிலாளரின் கைக்குப் போனது இரண்டாவது. ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று குழுவினரே ஒருவரை ஒருவர் அளந்து, நல்ல வழியைத் தாங்களே எழுதி வைத்தார்கள்.

1988இல் விற்பனை சரிந்தது. வாக்குறுதி சோதனைக்கு வந்தது அப்போதுதான். யாரையும் வீட்டுக்கு அனுப்பவில்லை. வேலையில்லாத நேரத்தைப் பயிற்சிக்கும் வேலைமுறைத் திருத்தங்களுக்கும் பயன்படுத்தினார்கள். ஆய்வாளர் போல் அட்லர் 1993இல் எழுதிய கட்டுரையின்படி, யோசனைத் திட்டத்தில் பங்கெடுத்தவர்கள் 1986இல் 26 வீதம், 1991இல் 92 வீதம். அந்த ஒரே வருடத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட யோசனைகள் வந்தன, அவற்றில் ஐந்தில் நான்குக்கும் கூடுதலானவை நடைமுறைக்கு வந்தன. 92 வீதத்தைவிட 26 வீதம்தான் என் கவனத்தை இழுக்கிறது. ஆலை திறந்து இரண்டு வருடமாகியும் நாலில் மூன்று பங்கினர் வாய் திறக்கவில்லை. எழுதிய வாக்குறுதியை நட்டக் காலத்திலும் காப்பாற்றினார்கள் என்று கண்ட பிறகே அவர்கள் நம்பினார்கள். அந்த ஆலையும் 2010இல் மூடப்பட்டது. ஆனால் அதற்கான காரணம் பெருநிறுவனங்களின் கணக்குகளில் இருந்தது, வேலைத்தளத்தில் இருக்கவில்லை.

கொழும்பிலேயே இதற்கு நிகரான ஓர் உதாரணம் இருக்கிறது, அதுவும் லாபத்துக்காக நடத்தப்படாத ஓர் இடத்தில். பொரளையில் உள்ள காசல் வீதி மகளிர் வைத்தியசாலை அரசாங்கத்தின் மகப்பேற்று வைத்தியசாலை. நோயாளர் அதிகம், இடம் குறைவு, காசு அதைவிடக் குறைவு. பணிப்பாளராக இருந்த டொக்டர் விமல் கரந்தகொட 2000ஆம் ஆண்டில் அங்கே 5எஸ் முறையைத் தொடங்கினார். வேண்டாததைக் கழி, வேண்டியதை இடத்தில் வை, துப்புரவாக்கு, ஒழுங்கை நிலைப்படுத்து, பழக்கமாக்கு என்ற ஜப்பானியத் தொழிற்சாலை முறை அது. வார்டுகளிலும் பிரிவுகளிலும் வேலை மேம்பாட்டுக் குழுக்கள் அமைந்தன. தாதியரும் சிற்றூழியரும் அவற்றில் இருந்தார்கள். உடைந்த கட்டில்களும் காலாவதியான பொருட்களும் வெளியே போனதும் இல்லாத இடம் கிடைத்தது. மிஞ்சிய ஒவ்வொரு பொருளுக்கும் குறித்த இடமும் பெயர்ச்சீட்டும் வந்தன.

இந்த முறையின் அழகை விளக்க, இலங்கையில் பல கந்தோர்களில் இன்று காணக்கூடிய ஒரு சின்ன விஷயம் போதும். அலுமாரியில் வரிசையாக நிற்கும் கோவைகளின் முதுகுகளுக்குக் குறுக்கே ஒரு சாய்கோடு ஒட்டியிருப்பார்கள். மேல் மூலையில் தொடங்கி, கடைசிக் கோவையின் கீழ் மூலையில் முடியும் ஒரே கோடு. ஒரு கோவையை எடுத்தவர் தவறான இடத்தில் வைத்தால் கோடு உடைந்து தெரியும். எழுத வாசிக்கத் தெரியாதவருக்கும் பிழை விளங்கும். செலவு ஒரு சுருள் வர்ண நாடா. அவசரத்தில் தேடிக் களைத்துப்போன ஒருவருக்கே இப்படியொன்று தோன்றும். நோயாளரின் கோவைக்காக அலையும் தாதிக்கு இருக்கும் அந்த அனுபவம் ஆலோசகருக்குக் கிடையாது.

ஜப்பானின் ஜைக்கா நிறுவனம் 2007இல் தொடங்கிய திட்டத்தில் காசல் வீதி வைத்தியசாலை முன்மாதிரியாக எடுக்கப்பட்டு, 15 ஆபிரிக்க நாடுகளின் சுகாதார அதிகாரிகளுக்கு அந்த அனுபவம் கற்பிக்கப்பட்டது. தன்சானியா போன்ற நாடுகளின் வைத்தியசாலைகளில் 5எஸ் வேரூன்றியதற்குப் பின்னால் பொரளை வார்டுகளில் வேலை செய்தவர்களின் கை இருக்கிறது. எங்கள் நகரத்தில் இதைத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்? கொழும்பு பெருமைப்பட வேண்டிய காரியங்களில் இதை முன்வரிசையில் வைப்பேன்.

அரச வைத்தியசாலையில் இது ஏன் பலித்தது? முன் சொன்ன பயங்களில் இரண்டு அங்கே கிட்டத்தட்ட இல்லை. நிரந்தர அரச ஊழியர் ஆதலால் வேலை சுருங்கினாலும் ஆள் போகமாட்டார். துண்டுக்கூலி கிடையாது, ஆகவே வெட்டவும் முடியாது. பெயர் பற்றிய பயத்துக்குப் பிறகு வருகிறேன். அங்கே இன்னொன்றும் இருக்கிறது: மேலதிகாரியின் ஏச்சு பற்றிய பயம். அமெரிக்க ஆய்வாளர் ஏமி எட்மன்ட்சன் 1990களில் வைத்தியசாலைத் தாதியர் குழுக்களை ஆராய்ந்தபோது அவருக்கே எதிர்பாராத முடிவொன்று கிடைத்தது. நன்றாக இயங்கும் குழுக்களில் மருந்துப் பிழைகள் குறைவாக இருக்கும் என்று நினைத்திருந்தார், பதிவான பிழைகள் அங்கேதான் கூட. அந்தக் குழுக்களில் பிழையை வெளிப்படையாகச் சொன்னார்கள், மற்றவற்றில் மூடினார்கள். பிழையைச் சொல்லப் பயப்படுகிறவர் புது யோசனையையும் சொல்லமாட்டார். இதை இப்படிச் செய்திருக்கலாம் என்று சொல்வதில், இதுவரை செய்தது பிழை என்ற பொருளும் அடங்கியிருக்கிறது. மேலதிகாரி முகம் சுளிப்பது அதற்காகத்தான்.

எங்கள் வேலைத்தளங்களில் இந்தச் சுளிப்பு கங்காணிக் காலத்திலிருந்து வருகிறது. மேலே இருப்பவர் சொல்ல, கீழே இருப்பவர் செய்ய வேண்டும். மாஸ்டர், பாஸ், சேர் என்று அழைப்பு மாறினாலும் கேள்வி கேட்டவனைக் கூடக் கதைப்பவன் என்று குறித்து வைக்கும் வழக்கம் மாறவில்லை. 5எஸ் முறையும் இந்த மண்ணில் விழுந்தால் சில இடங்களில் பரிசோதகர் வரும் வாரத்துக்கான வெள்ளையடிப்பாகச் சுருங்கிவிடுகிறது. வாங்கிய விருதின் சான்றிதழ் சுவரில் இருக்கும். கோவையின் சாய்கோடு உடைந்தபடியே நிற்கும்.

காசு பற்றி ஒன்று சொல்ல வேண்டும். உள்ளார்ந்த ஆர்வமே ஆக்கத்திறனின் ஊற்று, வெளிப்பரிசு அதைக் கெடுக்கவும் கூடும் என்பது ஹார்வர்ட் பேராசிரியர் தெரேசா அமபீலேயின் பல வருட ஆய்வுகளின் சாரம். முகாமைத்துவ வகுப்புகளில் இது அடிக்கடி மேற்கோளாக வருகிறது. அவருடைய ஆய்வில் பிழை காணவில்லை. ஆனால் மாதச் சம்பளம் இருபதாம் தேதிக்கே தீர்ந்துவிடும் ஊரில், பரிசு கொடுக்காமல் இருப்பதற்கு அதை ஒரு சாட்டாக எடுப்பது அநியாயம். யோசனையால் மிச்சமான காசில் ஒரு பங்கு சொன்னவருக்கு வருவது லஞ்சமாகாது. அது அவருடைய உழைப்பின் பெறுமதி.

முகத்துவாரத்துக் கடற்தொழிலாளரைப் பாருங்கள். 1980களில், ஒருநாள் தொழிலுக்கென அறிமுகப்படுத்தப்பட்ட 28 அடிப் படகுகளுக்குள் ஐஸ் வைக்கும் காப்பறை சேர்த்து, நாட்கணக்கில் கடலில் தங்கும் பழக்கத்தை இலங்கைக் கரையெங்கும் தொடங்கியவர்களில் படகோட்டிகள் முக்கியமானவர்கள். பின்னால் வந்த பலநாள் கலங்களுக்கு வழி திறந்தது அந்த மாற்றமே. அவர்களுக்கு யாரும் கருத்தரங்கு வைக்கவில்லை. செலவு கழித்து மிஞ்சுவதைச் சொந்தக்காரரும் கடலுக்குப் போனவர்களும் பங்கிடும் முறை அந்தத் தொழிலில் இருக்கிறது. மீன் கெடாமல் கரை சேர்ந்தால் ஒவ்வொருவரின் பங்கும் கூடும். யோசனையை மறைப்பதில் அங்கே யாருக்கும் லாபமில்லை.

வேலைப் பாதுகாப்பில் எங்கள் சட்டம் நிரந்தரத் தொழிலாளரைப் பொறுத்தவரை அவ்வளவு மோசமில்லை. 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டப்படி, 15 பேர் அல்லது அதற்குக் கூடுதலானவர்களை வைத்திருக்கும் தொழில்தருநர், ஒழுக்காற்றுக் காரணமின்றி ஒரு தொழிலாளியை நிறுத்துவதானால் அவரது சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ வேண்டும். இந்தச் சட்டத்தைத் தளர்த்தும்படி முதலாளிமார் ஓயாமல் கேட்கிறார்கள். புத்தாக்கத்துக்கு அது தடை என்பதும் அவர்களுடைய வாதங்களில் ஒன்று. நம்மி ஆலையின் கதை அதற்கு நேரெதிரான திசையைக் காட்டுகிறது. என் கவலை சட்டத்துக்கு வெளியே நிற்பவர்களைப் பற்றியது. அதே வேலைத்தளத்தில், அதே வேலையை, ‘மேன்பவர்’ கம்பனி மூலம் நாட்சம்பளத்துக்குச் செய்கிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். நிறுவனத்தின் ஊழியர் பட்டியலில் அவர்கள் பெயரே இல்லை. நாளைக்கு அழைப்பு வருமா என்று தெரியாத ஒருவரிடம் நாளைய முன்னேற்றத்துக்கு யோசனை கேட்க எந்த முகம் இருக்கிறது? 2022இல் மட்டும் 3 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வேலைக்காக நாட்டைவிட்டுப் போனார்கள். தேர்ந்த கைகள் பல அவர்களோடு போயின. அந்தக் கைகளுக்குத் தெரிந்தவற்றை எந்த நிறுவனமும் கேட்டு எழுதி வைத்ததாகத் தெரியவில்லை.

மூன்றாவது பயம் பெயர் பற்றியது. இங்கே சட்டம் பலரும் நினைப்பதைவிடத் தொழிலாளிக்குச் சார்பானது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், வேலையின்போது செய்த கண்டுபிடிப்பின் உரிமையைத் தொழில்தருநருக்கே கொடுக்கிறது. ஆனால் ஒப்பந்தம் செய்த நேரத்தில் எவரும் எதிர்பாராத அளவு பொருளாதாரப் பெறுமதி அதற்கு வந்தால், கண்டுபிடித்தவருக்கு நியாயமான ஊதியம் கேட்கும் உரிமை உண்டு. தரப்பினர் இணங்காவிட்டால் நீதிமன்றம் அதைத் தீர்மானிக்கும். கண்டுபிடிப்பது தன் வேலையிலேயே சேராத தொழிலாளி, நிறுவனத்தின் சாதனங்களைக் கொண்டு ஒன்றைக் கண்டுபிடித்தாலும் அவருக்கு நியாயமான ஊதியம் சேர வேண்டும். இதைவிடக் குறைவாகக் கொடுக்கும் ஒப்பந்த வாசகம் செல்லாது. ஆனால் கடைச்சல்காரர், வெல்டர், தாதி ஆகியோரின் நியமனக் கடிதத்தோடு இந்தப் பிரிவின் தமிழ், சிங்களப் பிரதியை இணைத்துக் கொடுக்கும் வழக்கத்தை நான் கண்டதில்லை. தொழிற்சங்கங்களும் போனஸ், மேலதிக நேரக் கொடுப்பனவு பற்றிப் பேசும் அளவுக்கு இதைப் பேசுவதில்லை.

2025 ஜூனில் இந்திய அரசின் மும்பை மசகான் டொக் நிறுவனம், கொழும்பு டொக்யார்டின் பெரும்பான்மைப் பங்கை வாங்கப்போவதாக அறிவித்தது. கைமாறும் எந்த நிறுவனத்திலும் தொழிற்சங்கம் மேசைக்குப் போகும் நேரம் வரும். சம்பளத்தோடு இன்னும் மூன்று வாசகங்களையும் அது கூட்டு ஒப்பந்தத்தில் கேட்க வேண்டும். தொழிலாளி சொன்ன திருத்தத்தால் வேலை சுருங்கினால் இரண்டு வருடத்துக்கு அந்த வேலையின் கூலியையோ இலக்கையோ தொடக்கூடாது. அதன் காரணமாக எவரையும் நிறுத்தக்கூடாது. திருத்தத்தின் பதிவேட்டில் முதலில் சொன்னவரின் பெயர், மேன்பவர் ஆளாக இருந்தாலும், திகதியோடு எழுதப்பட்டு, அதன் பிரதி அன்றைக்கே அவர் கையில் கொடுக்கப்பட வேண்டும்.